என் வீட்டுக்குப் பூட்டுப் போட்ட நாள்

நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்ததும் அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். உத்தரவை நான் முழுசாகப் படித்துக் காட்டிய பிறகு, கொடுத்த சர்க்கரையைத் திரும்ப வாங்க முடியாதே என்கிற முகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். ஏற்காட்டு மலைமேல், பெண்கள் ஜெயிலில் வேலை. சேலத்தில் என்னோடு பயிற்சி முடித்தவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி கிடைத்தது. எனக்கு மட்டும் ஜெயில். யாராவது கேட்டால் ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று மட்டும் சொல்லு, மீதியைச் சொல்லாதே என்றாள் அம்மா. நான் தலையாட்டினேன். அந்தப் பொய்யையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மலை பஸ் ஏறினேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, காபித் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் நடந்தால் ஜெயில் வரும். எந்தக் காலத்திலோ ஒரு துரை காபி மூட்டைகளை அடுக்கக் கட்டிய ஸ்டோர். அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் சுவர் எழுப்பி, உள்கதவு ஒன்று வெளிக்கதவு ஒன்று என்று போட்டு ஜெயிலாக்கியிருந்தது. ஒரு கதவு திறந்திருக்கும்போது இன்னொன்றைத் திறக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே, ஒரு மாட்டு வண்டி நிற்கிற அளவு இடம். இப்போது அந்த ஜெயிலே இல்லை. சில வருஷங்களில் மூடிவிட்டார்கள்.

முதல் நாள் அந்த நடு இடத்தில் வைத்துத்தான் என்னைச் சோதனை போட்டார்கள். போட்டவர் தலைமை வார்டர். காக்கிச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, இடுப்பில் சாவிக்கொத்து. என் பையைக் கவிழ்த்து, ஊக்கு, சீப்பு, பவுடர் டப்பா எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்களே எங்களை "சிஸ்டர்" என்று கூப்பிடக் கேட்டுப் பழகியவள் நான். எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணு, இங்க இருக்கோணும்னா ஒண்ணு தெரிஞ்சுக்க. உன்ற ஊரு எதுன்னு அவங்ககிட்டச் சொல்லாத. எந்தக் கேசுல வந்தீங்கன்னு நீ கேக்காத. ஒரு பூவு குடுத்தாக்கூட வாங்காத. மருந்து குடு, வா."

மருந்து கொடுப்பதும் லேசான காரியம் இல்லை. மாத்திரையைக் கையில் தரக் கூடாது. வாயில் போட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லி உள்ளே பார்க்க வேண்டும். விழுங்காமல் சேர்த்துவைத்து ஒரு நாள் மொத்தமாக விழுங்கிவிடுவார்களோ என்கிற பயம். என் அம்மா வயசுப் பெண்கள் என் முன்னால் வாயை ஆவென்று திறந்துகொண்டு நிற்பார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது, கூச்சமெல்லாம் எனக்குத்தான். டாக்டர் டவுனிலிருந்து வாரத்தில் சில நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நானே டாக்டர், நானே நர்ஸ், நானே ஆயா.

சிராய்ப்புக்குத் தடவும் ஊதா மருந்துதான் சீக்கிரம் தீரும். முள் குத்திவிட்டது, நகம் கீறிவிட்டது என்று கண்ணுக்கே தெரியாத காயத்தைக் காட்டிக்கொண்டு தினமும் வருவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஒருத்தியைச் சத்தம்கூடப் போட்டேன். பிறகுதான் புரிந்தது. மருந்து தடவ வேண்டும் என்றால் நான் கையைப் பிடிக்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். அதன் பிறகு நான் காயத்தைத் தேடவில்லை. காட்டின இடத்தில் தடவினேன். எனக்கு மட்டும் அந்த மலையில் கையைப் பிடிக்க யார் இருந்தார்கள்?

வெளிக்கதவுக்கு எதிரிலேயே என் குவார்ட்டர்ஸ். ஒரு அறை, அதை ஒட்டி ஒரு சமையல் மூலை, கம்பி போட்ட ஒரே ஜன்னல். வார்டர்கள் டூட்டி முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் ஒரு ஆளுக்கு அரிசி களைந்து போட்டு, ஒரு ஆளுக்கு ரசம் வைத்து, அதையும் மீதி வைத்துவிட்டுப் படுப்பேன். மலையில் மூட்டம் இறங்கினால் எதிரே இருக்கிற சுவர்கூட மறைந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசுவதும் சிரிப்பதும் மட்டும் கேட்கும். அவர்களுக்காவது பேச ஆள் இருந்தது என்று பொறாமையாக இருக்கும். கைதிகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று அப்புறம் என் மேலேயே கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போவேன். கடைவீதியில் சேலத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். முதல் வாரம், ஏனுங்க புதுசுங்களா, எந்த எஸ்டேட்டுங்க என்று வாய் நிறையக் கேட்டார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அம்மா சொன்னதை மறந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து சோப்பையும் தீப்பெட்டியையும் என் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார். ஜெயிலை ஒட்டுவாரொட்டி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. ஊரிலும் அதே கதைதான். லீவில் போயிருந்தபோது பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியைச் சாப்பிட்டார்கள், வேலை எங்கே என்று கேட்டார்கள், போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அம்மா ஒரு தடவைகூட மலை ஏறி வந்து நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்கவில்லை. ஜெயில் வாசலில் வந்து நின்றால் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். இங்கே பார்க்கிறதற்குக் குரங்கைத் தவிர யாரும் இல்லை என்று எழுதினேன். பதில் வரவில்லை.

ஆவணியில் புதுக் கைதி ஒருத்தி வந்தாள். கொட்டச்சேட்டுப் பக்கம் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். விசாரணைக் கைதி, அதாவது கேஸ் இன்னும் முடியவில்லை. என்ன கேஸ் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது. வரும்போதே வயிற்றில் ஆறு மாதம். தலைப்பிள்ளை.

உறவுக்காரர்கள் வந்து கைதியைப் பார்ப்பதை ஜெயிலில் மனு என்பார்கள். யாருக்கு மனு வந்தாலும் உள்ளே பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போதும், மற்றவர்களும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு உள்கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்கள், அடுத்தது தமக்காக இருக்கும் என்று. அவள் மட்டும் எழுந்திருக்கவே மாட்டாள். தாய் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. புருஷன் பேச்சு வந்தால் சுவரைப் பார்ப்பாள். தன்னைத் தேடி வர யாரும் இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு கவலை. வயிற்றில் கை வைத்துப் பார்க்க நான் போகும்போதெல்லாம் அதையே சொல்லுவாள்.

"நர்ஸம்மா, இது உள்ளாற பொறக்கக் கூடாதுங்க. அந்தக் கதவத் தாண்டி ஒரு அடி, அங்க பொறந்தாப் போதுங்க. தரையில கிடந்துகூடப் பெத்துக்கறேனுங்க."

ஜெயிலில் பிறந்தது என்று ஒரு பேர் வந்துவிட்டால் அது செத்தாலும் போகாது என்றாள். பெண்ணாக இருந்தால் எவன் கட்டுவான். பையனாக இருந்தால், எஸ்டேட்டில் ஒரு படி மிளகு காணாமல் போனாலும் முதலில் அவனைத்தான் பிடிப்பார்கள். தன் கேஸ் தன்னோடு போகட்டும், பிள்ளைக்கு அது வேண்டாம் என்றாள். அம்மா பெட்டியோடு கட்டிக் கொடுத்த பொய் என்னிடமும் இருந்ததால், அவள் சொன்னது எனக்குச் சட்டென்று விளங்கியது.

ஒரு நாள் தலைமை வார்டர் இதைக் கேட்டுவிட்டு அவளைத் தேற்றப் பார்த்தார். கிருஷ்ண பரமாத்மாவே ஜெயில்லதான் பொறந்தாரு, இதுக்குப் போயி அழுவறயே என்றார்.

"அவரு பொறந்த கையோட அவங்கப்பா கூடையில வெச்சுத் தூக்கிட்டு வெளிய போயிட்டாருங்களே" என்றாள் அவள். "என் பிள்ளையத் தூக்கிட்டுப் போக யாருங்க இருக்கா?"

தலைமை வார்டர் சாவிக்கொத்தைச் சரி செய்துகொண்டு போய்விட்டார்.

ஜெயில் சூப்பிரண்டு நல்ல மனிதர்தான். பிரசவத்துக்கு அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் கைதி வெளிக்கதவைத் தாண்ட வேண்டும் என்றால் கீழே சேலத்திலிருந்து போலீஸ் காவல் வர வேண்டும். கார்த்திகைக் கடைசியில் நாள் குறித்திருந்தேன். அதற்குச் சில நாள் முன்னதாகவே போலீஸ் வேன் வந்துவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் நாலு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அதன் பிறகு கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தாள். களியை வேண்டாம் என்று தள்ளுகிறவள், பக்கத்தில் இருப்பவளிடம் குழம்பு கேட்டு வாங்குவதைப் பார்த்தேன்.

நாமா நாள் குறிக்கிறோம்? கார்த்திகை பிறந்த உடனேயே மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி பகல் தெரியாமல் கொட்டியது. மலைப்பாதையில் பாறை சரிந்து சேலத்து பஸ் நின்றுவிட்டது. டெலிபோன் செத்துப்போயிற்று. ஏதோ கூட்டம் என்று கீழே போயிருந்த சூப்பிரண்டு கீழேயே மாட்டிக்கொண்டார். அந்த மாதிரி ஒரு நாளில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அவளுக்கு வலி கண்டது.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் தாங்காது என்று தெரிந்துவிட்டது. தலைமை வார்டரிடம் ஓடினேன். அவர், போலீஸ் வராமல் கதவைத் திறக்க முடியாது, நோயாளி அறையிலேயே பார் என்றார். நான் அவளிடம் திரும்பி வருவதற்குள் அவள் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். மழையில் முற்றத்தைக் கடந்து, உள்கதவுக்கு வந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால் வரவில்லை. விரலைப் பிரித்தெடுக்கப் பார்த்தால் முடியவில்லை. பழம் பறித்துப் பறித்து உரமேறின விரல்கள். ஒரு வலி வந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள், அப்புறம் மெதுவாக, கதவைத் திறங்க என்பாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

தலைமை வார்டர் உள்கதவைத் திறந்து, அவளை நடு இடத்துக்குக் கொண்டுவந்து ஒரு கோணியை விரித்துப் படுக்கவைத்தார். கதவைத்தான் தாண்டி வந்துவிட்டாயே, இங்கேயே பெற்றுக்கொள் என்றார். அவள் படுத்தபடியே வெளிக்கதவைப் பார்த்தாள்.

"இதுவும் உள்ளதானுங்களே" என்றாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. வேலை போய்விடும் என்கிற நினைப்பெல்லாம் பிறகுதான் வந்தது.

"எதுத்தாப்பல என் ரூம் இருக்குதுங்களே" என்றேன் தலைமை வார்டரிடம்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அந்த அம்மாள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விதியைக்கூட வளைத்தவர் இல்லை. அவருடைய சொந்தத் தங்கை மகள் வாசலில் வந்து நின்றபோதே, நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியவர் என்று மற்ற வார்டர்கள் சொல்லுவார்கள்.

"உன்ற ஊட்டுச் சன்னலுக்குக் கம்பி இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க."

"பின்னால கதவு?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். உள்கதவைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். பிறகு வெளிக்கதவைத் திறந்தார்.

ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு மழையில் கொண்டுபோனோம். அவள் வெளிக்கதவின் நிலையைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று காலைப் பார்த்துக்கொண்டாள். என் வீட்டு வாசல் வரைக்கும் போன பிறகு தலைமை வார்டருக்கு, நான் நோயாளி அறையிலிருந்து எடுத்து வந்த கத்திரிக்கோல் ஞாபகம் வந்துவிட்டது. கத்திரிக்கோல் வெளியே போகக் கூடாது, அது உள் சாமான் என்றார். ஒரு கைதியையே வெளியே விட்டுவிட்டுக் கத்திரிக்கோலுக்கு வழக்குப் பேசுகிறீர்களே, தொப்புள்கொடியைப் பல்லாலா கடிப்பேன் என்று கேட்டேன். நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. முறைத்துவிட்டு, சரி, எண்ணித் திருப்பிக் கொடு என்றார். ஒரு கத்திரிக்கோலில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

அவளும் நானும் உள்ளே நுழைந்ததும் கதவு சாத்திக்கொண்டது. நாதாங்கி விழுந்தது, பூட்டும் விழுந்தது. ஜெயிலின் பெரிய பித்தளைப் பூட்டு, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் அறைகளுக்குப் போடும்போது கேட்கிற சத்தம்தான். ஆனால் அதைப் பூட்டுக்கு உள்ளே இருந்து கேட்டதில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. என் வீட்டுக்குள் என்னையே போட்டுப் பூட்டிவிட்டார்களே என்று ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பயம். வெளியே தலைமை வார்டர் குடையைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றுவிட்டார்.

ஸ்டவ்வில் வெந்நீர் வைத்தேன். கத்திரிக்கோலையும் நூலையும் அதில் போட்டேன். என் பாயை விரித்து, என் பழைய சேலைகளை அடுக்கினேன். அவள் வலிக்கு நடுவே கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள். முருகன் படம் போட்ட காலண்டர் மாட்டியிருந்தது. மலைச்சனங்கள் பிரசவத் தீட்டுக்குப் பயப்படுகிறவர்கள், சாமி இருக்கிற இடத்தில் பிள்ளை பெற மாட்டார்கள். அதைத் திருப்பி வைக்கச் சொன்னாள். அவருக்குப் பார்க்க வேண்டும் என்றால் பார்த்துவிட்டுப் போகட்டும், நீ மூச்சைப் பிடி என்றேன். அவள் கேட்கவில்லை. கடைசியில் நான் எழுந்து போய் முருகனைச் சுவர் பக்கம் திருப்பின பிறகுதான் படுத்தாள்.

ஜெயிலில் மணிக்கொரு தரம் ஒவ்வொரு அறை முன்னாலும் நின்று, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டுக் கணக்கு எடுக்க வேண்டும். தலைமை வார்டர் அதை என் வீட்டுக்கும் ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் பக்கமிருந்து குரல் மட்டும் வரும்.

"உள்ள?"

"ரெண்டுங்க" என்று நான் சொல்ல வேண்டும்.

முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். போகப்போக, அந்தக் குரல் வராதா என்றிருந்தது. பயிற்சியில் எத்தனையோ பிரசவம் பார்த்திருந்தாலும் என் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மூத்த சிஸ்டர் நின்றிருப்பார். இங்கே என் பின்னால் இருந்தது சுவர். தலை தெரிகிற நேரத்தில் கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அதை அவள் பார்த்துவிட்டாள். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த முகத்தோடு, பயப்படாதீங்க நர்ஸம்மா, ஒண்ணும் ஆவாது என்றாள். யார் யாருக்குச் சொல்ல வேண்டியதை யார் சொல்கிறார்கள் பாருங்கள்.

வெளிச்சம் மங்குவதற்குள் பிறந்துவிட்டது. பெண். கொடியை அறுத்து, துடைத்து, காலைப் பிடித்துத் தூக்கினதும் கத்தின கத்தலில் மழைச் சத்தம் அடங்கிப்போனது. ஜன்னலில் வழக்கமான குரல் வந்தது.

"உள்ள?"

"மூணுங்க" என்றேன்.

வெளியே இருந்து, முற்றத்தில் நின்று கணக்குச் சொல்லும்போது கத்துவாரே, அதே பெரிய குரலில், "மூணு" என்று சொன்னார் தலைமை வார்டர். யாருக்குச் சொன்னாரோ தெரியாது. அந்தப் பக்கம் சுவருக்குள்ளிருந்து பெண்கள் குலவையிட்டார்கள்.

மழை விடவில்லை, காவலும் வரவில்லை. அதனால் அன்றைக்கு அவள் என் வீட்டிலேயே இருந்தாள். அரிசிப் பானையில் கை விட்டபோதுதான் உறைத்தது, இந்த வீட்டில் முதல் தடவையாக இரண்டு ஆளுக்கு அரிசி போடுகிறேன். பூண்டை நிறையத் தட்டிப்போட்டு ரசம் வைத்தேன். அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சொல்லக் கூடாது என்றிருந்த என் ஊர்ப் பேரை அவளிடம் சொன்னேன். அம்மா இருக்கிறாள் என்றேன். அடிக்கடி வந்து பார்ப்பாங்களா என்று கேட்டாள். இல்லை, இதுவரை வந்ததே இல்லை என்றேன்.

பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கும் மனு இல்லீங்களா?" என்றாள்.

நான் அடுப்பு வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். அழுதேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கம் இல்லை. சேர்ந்த நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது.

மறுநாள் காலையில் மழை விட்டது. பாறையை ஒதுக்கிவிட்டு போலீஸ் வேன் மேலே வந்தது, சூப்பிரண்டும் அதிலேயே வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது. தலைமை வார்டர் விறைப்பாக நின்று, கைதி ஒரு நிமிசம்கூடப் பூட்டுக்கு வெளியே இல்லீங்க, சாவி என்ற இடுப்புலதான் இருந்துச்சுங்க என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லாததால் சூப்பிரண்டுக்கு மேலே என்ன கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் ஜெயிலில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள வசதி கிடையாது. அவளை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அப்படியே கீழே வேறு ஜெயிலுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

பூட்டைத் திறந்தார்கள். அவள் பிள்ளையை என் சேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வாசற்படியை விட்டு இறங்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு யாராச்சும், இது எங்க பொறந்துச்சுன்னு கேப்பாங்க. தலைப்பிரசவம், தாய் ஊட்டுல பொறந்துச்சுன்னு சொல்லிக்கட்டுங்களா?"

என்னைவிட மூத்தவள். எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வருவதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது? ஆனால் அவள் கேட்டது தாய் வீடு. அந்த ஒற்றை அறைக்கு அதுவரை யாரும் அப்படிப் பேர் வைத்ததில்லை, நான்கூட வைத்ததில்லை.

"சொல்லிக்க" என்றேன். "இது உன் தாய் ஊடுதான்."

ஜெயிலிலிருந்து போகிறவர்கள் யாரும் போயிட்டு வர்றேன் என்று சொல்ல மாட்டார்கள். திரும்பி வந்துவிடுவோமோ என்று பயம். நாங்களும் போயிட்டு வா என்று சொல்ல மாட்டோம். விடுதலையாகிறவள், வருஷக்கணக்கில் பக்கத்தில் படுத்திருந்தவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல், குனிந்த தலை நிமிராமல் நடந்து போவாள். அதுதான் அந்த வாசலின் வழக்கம். ஆனால் அவள் வேனில் ஏறினாள், உட்கார்ந்தாள், கம்பி வலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு வர்றேனுங்க" என்றாள்.

கூட இருந்த பெண் போலீஸ் திடுக்கிட்டு, வாயைக் கழுவு என்று அதட்டினாள். தலைமை வார்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயிலைவிட்டுப் போகிறவள் சொல்லக் கூடாததுதான். தாய் வீட்டிலிருந்து கிளம்புகிறவள் அதைச் சொல்லாமல் எப்படிப் போவாள்?

"போயிட்டு வா" என்றேன். வேன் புறப்பட்டுவிட்டது.

உள்ளே வந்தேன். பாயைச் சுருட்டினேன். முருகனை நேராகத் திருப்பினேன். நடுவில் தட்டுகள் இரண்டு கிடந்தன, கழுவி வைத்தேன். அதற்கு முந்தின நாள் வரைக்கும் அந்த அறையில் நான் தனியாகத்தான் இருந்தேன், ஆனால் அது இவ்வளவு பெரிய அறை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தண்டனை ஆனால் இந்த மலைப்பக்கத்துப் பெண்களை எங்கள் ஜெயிலுக்குத்தான் அனுப்புவார்கள். பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு அவள் தனியாக வந்து நிற்க வேண்டியதுதான். விடுதலையானால் எங்களுக்குச் சேதியே வராது. யாரிடமும் கேட்கவும் முடியாது. அந்த ஜெயில் மூடும்வரை அங்கே வேலை பார்த்தேன். புதுக் கைதி வந்தால் வெளிக்கதவில் மணி அடிப்பார்கள், எடை பார்த்து, உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். மணிச் சத்தம் கேட்டதும், அவளாக இருக்கக் கூடாது, அவளாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஓடுவேன். ஒரு தடவைகூட அவள் இல்லை. எடை பார்த்து எழுதிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, அவள் வரவில்லையே என்று அழுதுகொண்டு போவேன்.